மாம்பழம் சுற்றிய காகிதம்

மாங்காயைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்தால்தான் ஒரே சீராகப் பழுக்கும். ஜெயமங்கலத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆகவே, இன்ஸ்பெக்டர் அம்மா, பழத்தை ஏன் காகிதத்தில் சுற்றினாய் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். எந்தக் காகிதம் என்பது வேறு கேள்வி. அதற்கும் வருகிறேன்.

என் பெயர் மலைச்சாமி. ஊரில் புளுகுணி மலைச்சாமி என்றால்தான் தெரியும். சுருளி அருவியில் ஒரு கொம்பன் யானைக்கு முதுகு தேய்த்துவிட்டேன் என்றும், அது வருசம் தவறாமல் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது என்றும் சொல்லித் திரிந்தவன். என் சொல்லால் இதுவரை ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு வந்ததில்லை. யாரும் நம்பினால்தானே.

தம்பி சுருளியாண்டிக்குப் புத்தி தடுமாறி மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். வெளியே தெரியக்கூடாது என்று மஞ்சள்காமாலை என்றே சொல்லி வைத்தோம். அந்தச் சமயத்தில்தான் தென்னந்தோப்பில் தன் பங்கை அவன் எனக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதினான். கை நடுங்கியது. நான்தான் பிடித்துக்கொண்டேன், உதவியாக.

அவன் செத்த பிறகு அவன் பெண்சாதி மொக்கம்மாள் என்மேல் கேஸ் போட்டாள். கையெழுத்துப் போட்டபோது அவனுக்குச் சுயநினைவு இல்லை என்று காட்ட, மூடி வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டியதாயிற்று. பாவம், வேறு வழியில்லை. அதில் தம்பியின் கதை மட்டும் இல்லை. அவன் மகள் பாண்டீஸ்வரி பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் தூக்கம் கெட்டு, அதே டாக்டரிடம் மாத்திரை வாங்கியதும் ஒரு பக்கத்தில் இருந்தது.

ஜட்ஜ் ஐயா நல்ல மனுசர். எதிர்த்தரப்புக்கு நகல் தரலாம், ஆனால் இந்த வழக்குக்கு மட்டும்தான், வேறு எதற்கும் எடுக்கக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது, முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டு, என்னிடம் எழுதி வாங்கினார். என் வக்கீல் ஜஸ்டின் படித்துப் படித்துச் சொன்னார்.

"பெரியவரே, இது யானைக் கதை இல்ல. கேஸோட வந்தது கேஸோட போயிரணும். வேற எங்கனயாச்சும் தல காட்டுச்சு, உம்மளத்தான் உள்ள வைப்பாக."

கேஸ் தோற்றது. பாதித் தோப்பும் கிணறும் மொக்கம்மாளுக்குப் போயின. நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் பெரியகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுக்கிறவர்கள் உறவுக்காரர்களிடம் விசாரிக்க மாட்டார்கள், பங்காளியிடம்தான் விசாரிப்பார்கள். சொத்துச் சண்டை போட்ட பங்காளியே நல்லது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பூ வைத்து நிச்சயம் பண்ணிவிடலாம். பாண்டீஸ்வரி டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பெண் கேட்டுக் கெங்குவார்பட்டி வீரபாண்டி, மாப்பிள்ளையின் தகப்பனார், டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"யானைக்கு முதுகு தேச்ச ஆளு நீர்தானா?"

"ஆமா. போன மாசம்கூட வந்துச்சு. கொஞ்சம் எளச்சிருக்கு."

"அது கெடக்கட்டும். தம்பி மக எப்படி?"

"தங்கம்யா. தோப்ப எங்கிட்டருந்து பிடுங்குன வீடுதான், ஆனா பிள்ளைய ஒரு சொல்லு சொல்ல முடியாது."

"உம்ம பேச்சுல முக்காவாசியக் கழிச்சுத்தான் எடுத்துக்கணும்னு சொன்னாக."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கவனியுங்கள், வாயால் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய், பெண்டுபிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று ஒரு மஞ்சப்பை நிறைய மாம்பழம் கொடுத்தேன். டாக்டர் எழுதியது இங்கிலீஷில் இருந்தது. மாப்பிள்ளை இஞ்சினியர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாண்டீஸ்வரி பெயர் இருந்த பக்கத்தை மேலே இருந்த பழத்துக்குச் சுற்றினேன், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

"தாளப் பாத்துப் பிரிங்க. பழம் கனிஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

பூ வைக்க அவர்கள் வரவில்லை. அதோடு நின்றிருக்கலாம். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் செல்போனுக்கெல்லாம் அனுப்பினார்கள். அது பள்ளிக்கூடம்வரை போனது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து, பைத்தியத்திடம் எங்கள் பிள்ளையை விட மாட்டோம் என்றார்களாம். நான் செல்போனே வைத்துக்கொள்வதில்லை.

பாண்டீஸ்வரி என்னைத் தேடி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பெரியப்பா, அவுகட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தத் தாளு பொய்யி, விளையாட்டுக்கு நாந்தேன் செஞ்சேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக."

"பொய் சொல்லச் சொல்றியா ஆத்தா?"

"ஆயிரம் சொல்லியிருக்கீக. எனக்காக இன்னொண்ணு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். என் தொழிலே அதுதான். ஆனால் அது கோர்ட்டுக்குப் போன காகிதம் அல்லவா. கோர்ட்டுக் காகிதத்தைப் பொய் என்று சொல்வது கோர்ட்டை அவமதிப்பது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அப்படியே அவளிடமும் சொன்னேன். அவள் "யான வந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கிணறுதான், தீர்ப்பில் அவர்கள் பங்குக்குப் போனது. நான் அதைக் கொடுக்கவே கூடாது என்று எவ்வளவோ வாதாடினேன்.

மொக்கம்மாள் மண்ணை வாரித் தூற்றவில்லை. "கோர்ட்டுல எழுதிக் குடுத்தீகளே மாமா" என்று மட்டும் கேட்டாள். காட்டக்கூடாது என்று எழுதியிருந்தது. பழம் சுற்றக்கூடாது என்று எங்கே எழுதியிருந்தது?

சரி, நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், நேராகவே சொல்லிவிடுகிறேன். தெரிந்துதான் சுற்றினேன். அது போய் என்ன செய்யும் என்றும் தெரியும். அவள் கேட்டபோது தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை. எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒன்று எழுதித் தர வேண்டும். இந்தக் காகிதம் இந்தக் கேஸுக்கு மட்டும்தான், வேறு எங்கேயும் தலை காட்டாது என்று. என் பேத்தி ஜோதிகாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். பங்காளி வீட்டில் மொக்கம்மாள் ஒருத்திதான் மிச்சம். அவளிடம்தான் விசாரிக்க வருவார்கள்.