ஒரு சொல்லுக்கு ஆறு படப்பு

சப் இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் மை கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை கருவேலம் பிசினைப் போட்டால் சரியாகிவிடும். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள், அதற்கு நன்றி. என் வீட்டில் கிடைத்த புது மண்வெட்டியைப் பற்றி மூன்று முறை கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பெயர் பட்டாபிராமன். யுத்தம் முடிந்த 1918-ஆம் வருஷத்திலிருந்து பத்தொன்பது வருஷமாக, மதுரை கலெக்டர் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சம்பந்தம் செய்துகொள்ளும் என்று தெரிந்தவர்கள் குறைவு. உயரம் என்றால் தென்னைக்கு 'டால்' என்று எழுதவேண்டும், சுவருக்கு 'ஹை'. காற்றுக்கு 'ஸ்ட்ராங்' பொருந்தும், மழைக்குப் பொருந்தாது, மழைக்கு 'ஹெவி'. மாற்றி எழுதினாலும் துரைக்குப் புரியும்தான். பாயசத்தில் மிளகாயைப் போட்டாலும்தான் வயிறு நிறையும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மனுவில் கைநாட்டு விழுந்துவிட்டால் அதற்குமேல் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். அடித்துத் திருத்திய மனு என் கையிலிருந்து ஒன்றுகூடப் போனதில்லை. இதை நீங்கள் கச்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆடி மாதம் எழுமலையிலிருந்து பேயாண்டி என்ற விவசாயச் சம்சாரி வந்தார். அவருடைய வைக்கோல் படப்பு ஒன்று எரிந்துபோய், பக்கத்திலிருந்த மாட்டுத் தொழுவத்தின் கூரையும் கருகிவிட்டது. தொழுவத்தைத் திரும்பக் கட்ட சர்க்கார் காட்டிலிருந்து மூங்கில் வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். நல்ல மனிதர். பேசும்போதே கண் கலங்கினார். அவர் துக்கத்துக்கு வெறும் 'ஃபயர்' போதாது என்று தோன்றியது. அது அடுப்பங்கரைச் சொல். 'கான்ஃப்ளக்ரேஷன்' என்று எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி உள்ளே அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஹெட் கிளார்க் கைலாசநாதன் வெற்றிலை போட்டுக்கொண்டே மரத்தடிக்கு வந்தார். நான்கு குமாஸ்தாக்களும் கூடவே வந்தார்கள்.

"ஓய் பட்டாபி, ஒரு படப்புக்குக் கான்ஃப்ளக்ரேஷனா? அந்த வார்த்தைக்கு ஒரு தெருவாவது எரியணுமே. வியாழக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுமலைக்குப் போறார். நேர்ல பார்த்துட்டு, மனுவே பொய்னு எழுதிடப் போறார்."

நால்வரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். கைலாசநாதன் சொன்னதுதான் சரி. பெரிய தீ, பரவிய தீ, பல கட்டடங்களைக் கொண்டுபோன தீ. பத்தொன்பது வருஷத்தில் முதல் பிழை. வெட்கத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் மனைவி அகிலாண்டத்தைக் கேட்டுப் பாருங்கள்.

புது மனு எழுதிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். என் வழக்கத்தை முன்பே சொன்னேன். அது போகட்டும், பேயாண்டியை நினைத்துப் பாருங்கள். மனு பொய் என்று முத்திரை விழுந்தால் அவருக்கு ஒரு மூங்கில் கிடைக்குமா? ஏழைச் சம்சாரியை நட்டாற்றில் விட எனக்கு மனசு வரவில்லை. சொல்லை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

புதன்கிழமை காலை உசிலம்பட்டி வரை பஸ்ஸிலும், பிறகு மாட்டுவண்டியிலும் போனேன். சந்தை நாள். ஒரு கிழவரைத் தவிர ஆம்பளைகள் யாரும் ஊரில் இல்லை. பேயாண்டியின் சம்சாரம் ஒச்சாயி கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கேட்டேன்.

"மேக்க இருந்துதாங்க சாமி. ஆடி பொறந்ததுலருந்து எம்புட்டு அடிக்குது பாருங்க, மேலுல துணி நிக்க மாட்டேங்குது" என்றாள்.

ஸ்ட்ராங்கான காற்று. மேற்கு ஓரத்துப் படப்பில் ஒரே ஒரு தீக்குச்சிதான் செலவழித்தேன். அதற்கு முன் ஆட்டுக்குட்டிகளை அவிழ்த்துவிட்டேன், திண்ணையில் தூங்கிய கிழவரை எழுப்பி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். நான் முரடன் அல்ல. வரிசையில் மிச்சமிருந்த ஆறு படப்பும், மூன்று தொழுவமும், கடைசியில் பேயாண்டியின் வீட்டுக் கூரையும் போயின. இனி அவருக்கு மூங்கில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பெட்டைக்கோழி மட்டும் அகப்பட்டுக்கொண்டது. சாதாரணமாகச் செத்த கோழிக்கு 'டைட்' என்று எழுதினால் போதும். இந்த மாதிரித் தீயில் மாண்டதற்கு 'பெரிஷ்ட்' என்றுதான் எழுதவேண்டும். அந்தப் பொருத்தம் தானாகவே அமைந்தது.

நான் ஓடவில்லை. சந்தையிலிருந்து திரும்பியவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து, காசு வாங்காமல் ஆறு மனு எழுதிக் கொடுத்தேன். ஏழாவது மனுவுக்கு வந்தவள்தான் ஒச்சாயி. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்து எங்குட்டு அடிக்குதுன்னு ஏன் சாமி கேட்டீக?"

நான் உண்மையைச் சொன்னேன். நான் பொய் எழுதுகிறவன் அல்ல என்பதற்குத்தானே இவ்வளவும். அவள் கையிலிருந்த விளக்குமாற்றால் என்ன செய்தாள் என்பது உங்கள் டாக்டர் சர்டிபிகேட்டில் இருக்கிறது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, கான்ஃப்ளக்ரேஷன் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கைலாசநாதன் இப்போது சிரிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். என் மனசில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. எழுமலைக்குப் போவதற்கு முந்தின வாரம் ஆனையூர் நல்லகாமனுக்கு ஒரு மனு எழுதினேன். வாய்க்கால் தண்ணீர் கசிந்து அவர் கொல்லையில் கணுக்கால் அளவு நின்றது. நான் 'இனண்டேஷன்' என்று எழுதிவிட்டேன். நேற்று உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது: அதற்குக் கணுக்கால் போதாது, ஊர் முழுகவேண்டும். கைநாட்டும் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள். பெரியாறு வாய்க்கால் தண்ணீர் வந்து ஆனையூர் கண்மாய் கரை தட்டி நிற்கிறதாம். மண்வெட்டி எதற்கோ வாங்கியது, தோட்டத்துக்குத்தான். ஆனால் ஐயா, அதையும் என்னையும் நாளை ஒரு அரை நாள் மட்டும் வெளியே விட்டால், நல்லகாமன் பொய்யர் ஆகாமல் தப்பித்துக்கொள்வார்.