இருபத்தொரு டிகிரி அறை

முந்நூறு டாலர் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று விசிறி தேவையில்லை, இரண்டு போதும். மூன்றாவது, பெட்டியின் மேல் படம் போடுவதற்காக வைப்பது. எட்டு வருடமாக இதைத்தான் எழுதிவருகிறேன். நீங்கள் கேட்கும் அந்த வியாழக்கிழமையும் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கத் தகடு உலோகமல்ல, உலோக நிறம் பூசிய பிளாஸ்டிக். எட்டு மெமரி சிப்களில் இரண்டுக்கு, வெப்பத்தை வெளியே கடத்தும் மெத்துத் துண்டு வைக்கவே இல்லை. வாங்குகிறவர் திறந்து பார்க்கமாட்டார் என்ற தைரியம்.

ஆனால் குற்றம் சொல்ல எண் வேண்டும். எண் சரியாக வர, அறை இருபத்தொரு டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். போன குளிர்காலத்தில் என் எண் இரண்டு டிகிரி பிசகியது. இந்த லோரன் ஹாகன், அதாவது நான், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அளக்கிறான் என்று வாசகர்கள் மாதக்கணக்கில் கேலி செய்தார்கள்.

டுலூத்தில் ஜனவரிக் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மேடம். வீடு என் அக்கா மாரிட்டுடையது. நான் நிலவறையில் இருந்தேன். பக்கத்து அறையில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை. அது சரியாக எரிய வெளிக்காற்று கொண்டுவரும் ஒரு குழாய். அதில் வரும் குளிர், சுவரைத் தாண்டி என் அறையை ஒரு டிகிரி இறக்கியது. அன்று காலை அந்தக் குழாயில் பழைய போர்வையை அடைத்து டேப் ஒட்டினேன். உலையிலிருந்து என் அறைக்கு விட்டுவிட்டுச் சூடான காற்று வரும் திறப்பையும் மூடினேன். கதவிடுக்கில் துணி. தனியாக ஒரு மின்சார ஹீட்டர். அறை இருபத்தொன்றில் நின்றது.

ஒவ்வொரு கார்டையும் அரை மணி நேரம் வீதம் மூன்று முறை ஓட்டுவேன். முதல் இரண்டிலும் கார்டின் சூடு எண்பத்து மூன்று டிகிரி. மூன்றாவதில் விசிறிச் சத்தத்தையும் அளக்க வேண்டும். அப்போதுதான் படிக்கட்டுச் சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு விஷவாயு அலாரம் கத்தியது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்ததாக, விசாரிக்க வந்த உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.

பத்து நிமிடத்தில் அக்கா கதவைத் திறந்தாள்.

“என்னடா, உன் பொம்மைக்கு ஜுரமா? காலையிலேருந்து டெம்பரேச்சர் பாத்துட்டே இருக்க.”

“கதவ மூடுக்கா. காத்து வருது.”

“வந்தா வரட்டும். மேல எனக்கு மூச்சே முட்டுது. தலை வெடிக்குது, காலெல்லாம் துவளுது. ஏதோ கத்துச்சே, என்னது அது?”

“பேட்டரி. மாத்திடறேன்.”

“நீ மாத்துன மாதிரிதான். மாடிப் பல்ப ஹாலோவீன்லேருந்து மாத்திட்டிருக்க.” சிரித்தாள். “காட்டரிசி சூப் வெச்சிருக்கேன். வந்து ஒரு வாய் குடிச்சிட்டு வேலையப் பாருடா.”

“அரை மணி நேரம்க்கா. உனக்கு ஃப்ளூவா இருக்கும். போய்ப் படு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பதினான்கு படிகள். ஏழாவதில் சற்று உட்கார்ந்தாள். நான் கதவை மூடினேன். அறை இருபதரைக்கு இறங்கியிருந்தது. அது ஏறும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

கார்டைப் பற்றிய கட்டுரையை ஐந்து மணிக்குத்தான் வெளியிட வேண்டும் என்று நிறுவனம் எல்லாருக்கும் சொல்லியிருந்தது. பிந்தினால் யாரும் படிக்கமாட்டார்கள். சரியாக ஐந்துக்குக் கட்டுரையை வெளியிட்டேன். பிறகு போர்வையை உருவினேன், ஜன்னல்களைத் திறந்தேன், அக்காவின் அறைக்குப் போனேன். எழுப்பினேன், எழவில்லை. சமையலறையில் அடுப்பருகே இரண்டு கிண்ணங்கள் எடுத்துவைத்திருந்தாள். என் அறை அவ்வளவு நன்றாக அடைபட்டிருந்ததால் எனக்கு லேசான தலைவலி மட்டுமே.

என் குறிப்பேடு உங்களிடம் இருக்கிறது. பிற்பகல் 2.04 என்ற வரியைப் பாருங்கள். நான்கு பீப், ஐந்து விநாடி இடைவெளி, மீண்டும் நான்கு என்று என் கையெழுத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு முறைதான் கத்தும். வித்தியாசம் எனக்குத் தெரியும். சத்தத்தை அளப்பது என் தொழில். அக்கா வந்து நின்றபோதும் தெரியும். போய்ப் படு என்று சொன்னபோதும் தெரியும்.

கட்டுரையில் எந்தத் தவறும் இல்லை, மேடம். மூன்று ஓட்டங்களும் ஒத்துப்போகின்றன. அந்தக் கார்டை வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். தெரிந்தே இரண்டு சிப்களை வேக விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.