நடுவில் ஒரு சாண்

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்புவதற்கு முன், முன் சீட்டில் கேமரா பையை மடியில் வைத்திருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்:

"ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சாண் இடம் விடச் சொன்னாங்க, அண்ணாச்சி."

என் காது தானாக முன்னால் போயிற்று.

"எங்கே?"

"ஸ்டேஷன் சுவத்துல மாட்ட குரூப் போட்டோ எடுத்தோம் அல்லே, அங்கதான். நான் எல்லாரையும் தோளோட தோள் ஒட்டி நிறுத்தியிருந்தேன். எஸ்.ஐ. சார் வந்து அவரை மட்டும் வரிசைக் கடைசிக்கு மாத்துனாரு."

"உயரம் பார்த்து மாத்தியிருப்பாரு."

"உயரத்துக்கு இடைவெளி எதுக்கு? தோள் ஒட்டலைன்னா, பிறகு போட்டோவுல இருந்து அந்த ஒரு ஆளை மட்டும் வெட்டி எடுக்க எளுப்பம், கஷ்டமே இல்ல."

"ஐயையோ. சஸ்பென்ஷன் ஏதும் வருதோ?"

"தெரியல்ல. ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கல்ல."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"'கொஞ்சம் ஒட்டி நிக்கட்டுமா'ன்னு என்கிட்டதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

பஸ் கிளம்பியது. அவர் கேமரா பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கயே நில்லுங்க, நல்லா இருக்கு, கொஞ்சம் சிரிங்கன்னேன்."