நில் என்று காட்டிய கை

டோர்பனுக்குத் தேநீரில் சர்க்கரை ஆகாது. அவர் தம்பி யெஸ்பருக்கு மூன்று கரண்டி வேண்டும். அன்று காலையும் நான்தான் கலந்து கொடுத்தேன். விபத்து என்று நீங்கள் வழக்குக் கோப்பை மூடிய பிறகு நானாகவே காவல் நிலையத்துக்கு நடந்து வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஃபிரி அம்மா. யாரும் மிரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டோர்பன் ஏழு வருடமாக டென்மார்க்கிலிருந்து, காட்டு விலங்கு பார்க்க எங்கள் சுற்றுலா முகாமுக்கு வருகிறார். குளியல்தொட்டி வைத்த கூடாரம், ஆற்றைப் பார்த்த மேசை, அதில் வெள்ளை விரிப்பு. "அங்க தினமும் அதே ரயிலு, அதே மேசை, அதே மூஞ்சிங்க. உன் பின்னால நடந்தாத்தான், லாக்சன், எனக்கு உயிரே வருது" என்பார். அவர் தப்பித்து ஓடிவருகிற இடம் எனக்கு அன்றாட வேலை. துப்பாக்கிக் காவலர் ம்பேவே முன்னால், அடுத்து நான், என் பின்னால் விருந்தினர்கள் என்று லுவாங்வா ஆற்றோரம் வரிசையாக நடப்போம். இருபது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

போன வருடம் ஒரு மாலை, "நீ என் கூடப்பிறந்தவன் மாதிரி. மனசுல எதையும் வச்சுக்காத" என்றார். நம்பினேன், மடையன். என் தம்பி பெய்சனின் சோளக்காட்டை யானைகள் அழித்ததையும், மூன்று பிள்ளைகளின் வயிற்றுக்காக அவன் கம்பிக் கண்ணி வைத்து மான் பிடிப்பதையும் சொன்னேன். என் மனைவிக்கே அது தெரியாது. தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் விமானத்துக்குப் போகிற வழியில் வனத்துறை அலுவலகத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பெய்சனின் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி ஓட்டினவன் வந்து சொன்னான்.

ஐந்து வருடத் தண்டனை. நாலாவது மாதம் சிறையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கடைசியாகப் பார்த்தபோது, "யாருண்ணே சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

இந்த வருடம் டோர்பன் தன் தம்பியையும் கூட்டிவந்தார். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் தம்பி எப்படி இருக்கான்? திருந்திட்டானா? கோவம் இருக்கும், தெரியும். ஆனா நான் சரியானதைத்தான் செஞ்சேன், ஒரு நாள் உனக்கே புரியும்" என்றார். அவன் செத்ததுகூடத் தெரியவில்லை. "நல்லா இருக்கான் சார்" என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டேன்.

யெஸ்பர் நல்லவன். முப்பது வயதிருக்கும். "நீங்க சொன்னா கிணத்துல கூடக் குதிக்கலாம்னு எங்கண்ணன் சொல்வான்" என்று சிரித்தான்.

தேநீர் ஆறுவதற்குள் சைகைகளைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளங்கையை நிமிர்த்தினால் அசையாமல் நில். கீழே அழுத்தினால் குப்புறப் படு. சிங்கம் என்றால் நிற்க வேண்டும், காட்டெருமை என்றால் படுக்க வேண்டும். படுத்தவனைக் கொம்பால் தூக்குவது அதற்குச் சிரமம். ஆனால் விருந்தினர் மிருகத்தைப் பார்க்கக் கூடாது, என் கையைத்தான் பார்க்க வேண்டும். இதை யெஸ்பரை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

ஓடையோரப் புதரில் ஒரு கிழட்டு எருமை கிடப்பதை முந்தின நாளே பார்த்திருந்தேன். காலில் கண்ணிக் கம்பி இறுகிப் புண்ணாகியிருந்தது. வலியில் இருக்கிற எருமை யாரையும் விடாது. பார்த்ததும் முகாமில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

எப்போதும் எனக்கு அடுத்து நடப்பவர் டோர்பன். அன்று, "தம்பி முன்னால வரட்டும் சார், நல்லாப் பாக்கட்டும்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துவரச் சொல்லி ம்பேவேயை அனுப்பினேன். அவர்மேல் தப்பில்லை. பிறகு புதரை ஒட்டி நடந்தேன்.

எருமை எழுந்து வந்தது. யெஸ்பருக்கு உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினேன். அவன் அப்படியே நின்றான். நிமிர்த்திய கையை இறக்காமலே, அவனுக்குப் பின்னால் நின்ற டோர்பனைத் தரையில் தள்ளி அவர்மேல் படுத்துக்கொண்டேன். யெஸ்பர் எருமையின் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டோர்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் உயிரைக் காப்பாத்தினது நீதான். இனிமே எனக்கு நீதான் தம்பி" என்றார். அப்போதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அவருக்கு எதுவுமே புரியவில்லை. புரியாவிட்டால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்? அதனால்தான் வந்தேன். இதை அவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, மறுக்கமாட்டேன். துரோகம் என்று மட்டும் எழுதாதீர்கள். நம்பினவனைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.