வெள்ளத்துரை காருக்கு எந்தக் கியர்பாக்ஸ்?

— கிளட்சே இல்லாத கியர்பாக்ஸா? ஏ மைதீன், நான் கேட்டது ரோட்டுல அம்பு மாதிரி போற காருக்கு. மாவு மில்லுக்கு மோட்டாரு கேக்கல, கேட்டியா?

— கோவப்படாதீய ஆவுடையப்பன் அண்ணாச்சி. மெட்ராஸ்ல ஒரு பாரின் காரு அடிபட்டுக் கெடக்கு. அதுல கியரு தானா மாறும். காலுக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டுந்தான். ஒரு போன் போட்டாப் போதும், கியர் பெட்டியக் கழத்தி லாரில ஏத்திருவான்.

— மைதீன் பாய், குறுக்க பேசுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதேயும். தானா மாறும்னா வண்டிய ஓட்டுதது யாரு? அண்ணாச்சி மவன் வெள்ளத்துரையா, இல்ல காரா? நமக்கெதுக்கு, சும்மா கேட்டேன்.

— நீ டீயக் குடி மூக்காண்டி. ஆறிரும்.

— அவன் கேக்கதுல என்ன தப்பு மைதீன்? எம்மவன் கியரு போடுத அழகப் பாக்கதுக்கே பஸ் ஸ்டாண்டுல ஆளு நிக்கும். சவுதிக்குப் போறதுக்கு முந்துன நாளு, இதே பியட் காருல, பனவடலிசத்திரம் ரோட்டுல திருநெல்வேலி பஸ்ஸ முந்திட்டுல்லா போனான்?

— அந்த பஸ்ஸுக்குள்ள நான் இருந்தேன் அண்ணாச்சி! பய கைய வெளிய நீட்டி டாட்டா வேற காட்டுனான். எங்க டிரைவரு ஸ்டியரிங்க விட்டுட்டு ஏசுனாரு. மறுநாள் காலையில உங்க வீட்டம்மா தங்கத்தாய் அக்காகிட்ட நாந்தான் சொன்னேன்.

— நீ சொல்லாம வேற எவன் சொல்லுவான்?

— அண்ணாச்சி, இங்கன பாருங்க. பெஞ்சுல ரெண்டு பெட்டி கெடக்கு. இது நாலு கியரு. ரெண்டுல இருந்து மூணுக்கு மாத்துனா நடுவுல பெரிய பள்ளம், எஞ்சினு மூச்சு வாங்கும். இது மெட்ராஸ் புதுப்பேட்டையில, பழைய சாமான் கடையில எடுத்த ஜப்பான் பெட்டி, அஞ்சு கியரு. படிக்கட்டு மாதிரி பக்கத்துப் பக்கத்துல இருக்கும். வேகம் எறங்காம ஏறிக்கிட்டே போகலாம்.

— பொறவென்ன? அதையே மாட்டு.

— காரோட தரைய வெட்டணும்.

— வெட்டு.

— பின் சக்கரத்துக்குப் போற சாப்ட்டு நீளத்தக் கொறைக்கணும்.

— கொற. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?

— இந்தப் பெட்டியோட கிளட்சு ரொம்ப டைட்டு அண்ணாச்சி. அத மட்டும் வண்டியில சேத்துப் பாத்தேன். ஏறி ஒரு மிதி மிதிங்க, உங்களுக்கே தெரியும்.

— ...ம். கல்லு மாதிரிதான் இருக்கு. இருக்கட்டும். எனக்குத்தான் அம்பது தாண்டிட்டு. அவன் இருபத்தாறு வயசுப் பய.

— பாய், ஒண்ணு கேக்கட்டா? நமக்கெதுக்கு, இருந்தாலும் கேக்கேன். போன மாசம் கிளட்சு பிளேட்டு வரலன்னீரு. போன வாரம் வெல்டிங்காரன் வரலன்னீரு. இன்னைக்குக் கிளட்சே வேண்டாங்கீரு. உமக்கு அஞ்சு கியர மாட்டத் தெரியலன்னு தெருவுல ஒரு பேச்சு.

— தெருவுல யாரு மூக்காண்டி பேசுதா?

— யாரு... நாந்தான் பேசுதேன்.

— கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் இருபத்துமூணு நாளுதான் இருக்கு மைதீன். அதுக்குத்தான் அவன் பம்பாயில எறங்கி ரயில்ல வாரான். நம்ம ஸ்டேஷனுக்கு இந்தக் காருதான் போகணும். வீட்டுக்கு அவனே ஓட்டிட்டு வரணும்.

— வந்த கையோட கோயில்ல ஆடிச்சுத்து வேற கெடக்கே அண்ணாச்சி. பிள்ள நல்லபடியா வந்தா, அவன் காலாலயே நூத்தியெட்டு சுத்து நடப்பான்னு அக்கா நேந்திருக்காவ. எத்தன சுத்துன்னு எண்ணுததுக்கு எங்க வீட்டுக்காரி பூமாரிகிட்டதான் புளியங்கொட்ட வாங்கிட்டுப் போனாவ. சொத்தையெல்லாம் தள்ளிட்டு, பாத்துப் பாத்துப் பொறுக்குனாவ.

— யா அல்லா...

— என்ன பாய்?

— ஒண்ணுமில்ல. ஸ்பானரு கையில இடிச்சிட்டு.

— மூக்காண்டி, நீ நல்லாக் கேட்டுக்கோ. அஞ்சு கியரு. கிளட்சு எம்மவன் காலுக்குத்தான் அடங்கும். இதான் முடிவு.

— கேட்டேன் அண்ணாச்சி. நான் போயி யாருகிட்டச் சொல்லப்போறேன்? சரி, வீட்டுக்கு அரிசி வாங்கணும். வாரேன்.

— எங்க வீட்டு வழியாவா போற?

— அதான் கிட்ட.

— கடைத்தெரு அந்தப் பக்கம்லா இருக்கு?

— காலாற நடந்தா ஒடம்புக்கு நல்லது அண்ணாச்சி.

— போ, போ.

— ...போயிட்டானா? அண்ணாச்சி, இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நின்னுட்டே கேக்கேன். சொல்லு மைதீன்.

— எனக்கு அந்தப் பெட்டிய மாட்டத் தெரியாம இல்ல. மாட்ட மனசு வரல. எங்க அக்கா மவன் கபீரு, சவுதில துரைகூட ஒரே கேம்புலதான் இருக்கான். அவன் லெட்டரு போட்டு ஒரு மாசமாச்சு. அல்லா மேல ஆணையா, சட்டப் பையிலயே வச்சிக்கிட்டு அலையுதேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்னு துரை சொன்னானாம்.

— ம்.

— வேல செய்யுத எடத்துல இரும்புக் குழாய் சரிஞ்சு... இடது காலு அண்ணாச்சி. முட்டுக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். கிளட்ச மிதிக்க அவனுக்குக் காலு இல்ல.

— தெரியும்.

— என்னது?

— மூணு மாசமாத் தெரியும். லெட்டரு நம்ம உரக்கடைக்கு வந்திச்சு. வீட்டுக்குப் போடாமக் கடைக்குப் போட்டிருக்கானேன்னு அங்கனயே பிரிச்சேன். யூரியா மூட்டை மேல உக்காந்து படிச்சேன். கடைசில ஒரு வரி. ‘அப்பா, கிளட்ச் இல்லாத கியர்பாக்ஸ் கெடைக்குமான்னு மைதீன் மாமாகிட்டக் கேளுங்க’ன்னு.

— பொறவு ஏன் அண்ணாச்சி என்னைய இந்தப் பாடு படுத்துதீய? நித்தம் வந்து அஞ்சு கியரு, அஞ்சு கியருன்னு கத்துதீய?

— கிளட்சு வேண்டாம்னு நான் சொன்னா, ஏன்னு மூக்காண்டி கேப்பான். அவன் கேட்டா சாயந்தரத்துக்குள்ள ஊரே கேக்கும். இன்னைக்குத்தான் நம்மளத் தனியா விட்டுட்டுப் போயிருக்கான்.

— அக்காகிட்ட நீங்களே சொல்லிரலாமே.

— நாலு தடவ சொல்லப் போனேன் மைதீன். கடைசித் தடவ, முத்தத்துல புளியங்கொட்டயக் கழுவிக் காயப் போட்டிருந்தா. ‘நூத்தியெட்டு இருக்கான்னு எண்ணிப் பாருங்க’ன்னு என் கையில தந்தா. எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

— அந்த நேர்ச்சைய என்ன செய்யப் போறீய?

— கோமதி அம்மனே ஒத்தக் கால்ல நின்னுதான் தபசு பண்ணுதா. அவகிட்ட நான் என்னன்னு போயிக் கேக்க?

— அப்போ எதத்தான் மாட்டட்டும்? நீங்களே சொல்லுங்க.

— மெட்ராஸுக்குப் போன் போட்டு அந்தப் பெட்டிய வரச் சொல்லு. வந்ததும் சாக்கப் போட்டு மூடிரு. அஞ்சு கியரு பெஞ்சு மேலயே கெடக்கட்டும், ஷெட்டுக்குள்ள வாரவன் கண்ணுல மொதல்ல படுத மாதிரி.

— நாளைக்கும் மூக்காண்டி வருவானே அண்ணாச்சி.

— வரட்டும். நானும் வந்து கத்துதேன். இந்நேரம் எங்க வீட்டு வாசல்ல நின்னு, ‘கிளட்சு கல்லு மாதிரி இருக்கு, உங்க மவன் காலுக்குத்தான் அடங்கும்’னு சொல்லிக்கிட்டு இருப்பான். நான் சொன்னா அவ என் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவா. அவன் சொன்னா நம்புவா. இன்னும் இருபத்துமூணு நாளைக்காவது, அவகிட்டயாவது, எம்மவன் ரெண்டு காலோட இருக்கட்டும் மைதீன்.