கூரைகள் கீழே தெரியும் படம்

இந்த லிஃப்ட் மணியை எத்தனை தடவை அடிச்சாலும் மெக்கானிக் சாப்பாட்டை முடிச்சுட்டுத்தான் வருவான், தம்பி. பொலோன்யாவுல அப்படித்தான். கடையிலேர்ந்து நீங்க கொண்டுவந்த கேக்கைத் தரையில வைங்க. சாய்க்காம. டாக்டர் எத்தோரேன்னு க்ரீம்ல எழுதியிருக்கில்ல? ஆமா, என் மகன். நாளைக்குப் பட்டம். பட்டம் வாங்கறப்ப தலையில வைக்கிற இந்த லாரல் இலைக் கிரீடமும் அவனுக்குத்தான். மருத்துவம்னா சிவப்பு ரிப்பன்.

நாலாவது மாடியில என் வீட்டுக்காரர், இத்தாலியோட தெக்குக் கோடி கலாப்ரியாவுலேர்ந்து ரயில் மாறி மாறி வந்த மச்சினர் குடும்பம், எல்லாரும் நமக்காகத்தான் காத்திருக்காங்க. சத்தம் கேக்குதா? மச்சினர்தான். ரகசியம் பேசினாலே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி இருக்கும்.

நீங்க எந்த ஊரு? பாரி நகரமா? அப்போ உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும், இல்லேன்னா மத்தது புரியாது. இங்க படிக்கிற பிள்ளைங்க பட்டம் வாங்கற வரைக்கும் ஊர் நடுவுல இருக்கிற அந்தப் பெரிய கோபுரத்துல ஏற மாட்டாங்க. ஏறினா பட்டம் கிடைக்காது. சிரிக்காதீங்க. சாமியே இல்லேன்னு சண்டை போடற புரொபசரோட பிள்ளைகூட ஏற மாட்டான். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்பவே காய்ச்சல்னு சொல்லி இவனை வீட்ல நிறுத்திக்கிட்டேன். பட்டம் வாங்கு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏறலாம்னேன்.

பரீட்சையா? பிரமாதம். அப்படித்தான் சொன்னான். சாப்பிட உக்காந்ததும் மார்க்கைச் சொல்வான், அவங்கப்பா ஒரு ஒயின் பாட்டிலைத் திறப்பார். அனாடமில முப்பதுக்கு முப்பது. அது நிஜம். அன்னிக்கு மனுஷன் சந்தோஷத்துல அழுதுட்டார். அப்படி அழுதவர் முன்னாடி, அடுத்த தடவை பெயில்னு எந்தப் பிள்ளைக்கு வாய் வரும், சொல்லுங்க?

நாம லிஃப்டுல ஏறினதும் என் போன் அடிச்சுதில்ல? அவன்கிட்டேர்ந்து இதான் வந்துச்சு. பாருங்க. ஒரு வார்த்தை எழுதல. வெறும் சிவப்பு ஓட்டுக் கூரைங்க. எல்லாம் கீழ, அவ்வளவு கீழ. இப்படித் தெரியணும்னா இந்த ஊர்ல ஒரே இடம்தான்.

ஐயோ, பயப்படாதீங்க. நீங்க மணியோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தப்ப போன்ல பேசினேனே, அவன்கிட்டதான். இறங்கிட்டான். கோபுரத்துக்குக் கீழ காப்பிக் கடையிலேர்ந்துதான் பேசினான். அவன் எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தான். எனக்குச் சாப்பிட்டியான்னுதான் கேக்க வந்துச்சு.

சரி, முடிவானதைச் சொல்லிடறேன். நாளைக்குப் பட்டம் இல்ல. மூணாம் வருஷத்துக்கப்புறம் அவன் ஒரு பரீட்சையும் எழுதல. இப்ப வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கான். அவன் வாசலுக்கு வர்றதுக்குள்ள அவங்கப்பாகிட்ட நான் சொல்லியாகணும். கேக்கை வெட்டத்தான் போறோம், டாக்டரை மட்டும் விரலால வழிச்சுடறேன். எத்தோரே இருக்கட்டும்.

அப்புறம், லிஃப்ட் ஒண்ணும் பழுதாகல, தம்பி. படத்தைப் பார்த்ததும் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினது நான்தான். வெளிய இழுத்தா ஏறிடும்.

நீங்களே இழுங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது.