இரண்டு காதிலும் ஓட்டை

டாக்டர்கள் எழுதும் சொற்களுக்கெல்லாம் நம்மூர்த் தமிழில் ஒரு நோட்டுப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது, கல்லூரி விட்டுத் திரேஸ்புரம் பஸ்ஸில் வரும்போதுதான். முன் இருக்கையில், கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற ஒருவர், துறைமுக வேலைக்கான மருத்துவச் சோதனைக் காகிதத்தைப் பக்கத்திலிருந்த மச்சானிடம் பெருமையாக நீட்டினார்.

“ரெண்டு காதுலயும் ஓட்டைன்னு டாக்டரே எழுதிட்டாரு மச்சான். வேலை எனக்குத்தான்.”

“ஏலே, அது எப்படில?”

“காது ஒடஞ்சவன்தான வலி இல்லாம ஆழத்துக்குப் போவான்? ஒடையாதவன எந்தச் சம்மாட்டி தன் வள்ளத்துல ஏத்துதான்?”

மச்சான் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“‘பெர்ஃபரேஷன்’னு போட்டிருக்கு. ஓட்டைதான். ஆனா இது சம்மாட்டி பாக்குத காயிதம் இல்ல மாப்ள. ஹார்பர்ல இத நோயின்னுதான் சொல்லுவான். கீழ ‘அன்ஃபிட்’னு இருக்கு பாரு. இப்போதைக்கு வேலைக்கு ஆகாதுன்னு அர்த்தம்.”

அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“நோயா? இத வச்சித்தான மச்சான் இத்தன வருசம் சோறு தின்னேன்.”

“பொறு, இன்னும் ஒரு வரி கெடக்கு. மூணு மாசம் தண்ணி படாம காது காஞ்சு கெடந்தா, ஒட்டுப் போட்டு மூடலாமாம். அப்புறம் திரும்பப் பாப்பாங்களாம்.”

“மூணு மாசம் கரையில என்ன செய்ய?”

“எங்கூட மீனுக்கு ஐஸ் ஒடைக்க வா. தலைக்கு ஊத்தாத.”

“குளிக்காம போனா உன் தங்கச்சி வீட்டுக்குள்ள விடமாட்டாளே.”

“காதுல பஞ்ச வச்சிக்கிட்டுக் குளி. அவ ஏசுததும் கேக்காது.”

பஸ் நின்றது. அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நாளையிலேருந்து முங்க வரலன்னு சம்மாட்டிகிட்ட சொல்லிப் பாக்கேன்,” என்றபடி இறங்கினார்.